நியூக்ளியோலஸ் என்கிற ஒரு மதிப்பெண்

பதினோராம் வகுப்பில் செல் பாடம் நடத்தும்போது நியூக்ளியோலஸுக்கு நான் ஒதுக்கியது கரும்பலகையில் ஒரு வரி. உட்கருவுக்குள் கறுப்பாக ஒரு புள்ளி, ரைபோசோம் உற்பத்தியாகும் இடம், ஒரு மதிப்பெண் கேள்வி. கோடு போட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி வரும் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். மைக்ரோஸ்கோப்பில் வெங்காய வேர்நுனி ஸ்லைடை வைத்துக் காட்டினால், பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு, "டீச்சர், உள்ள தூசி ஒட்டிக்கினு இருக்குது" என்பார்கள். தூசி இல்லையடா, அதுதான் உன் ஒரு மார்க் என்பேன். வகுப்பே சிரிக்கும். அந்தப் புள்ளி என் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று யார் கண்டது.

வீடு நைனார்பாளையத்துப் பக்கம். கணவர் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறவர். மாமியார் பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் படித்தவள், நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோக என் கணவர் கல்யாணமான முதல் மாதமே கற்றுக்கொண்டார்.

முதல் பிள்ளையை நான் வயிற்றில் வைத்திருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. கர்ப்பிணி வெளியே தலை காட்டக் கூடாது, கத்தி தொடக் கூடாது, அரிவாள்மணைப் பக்கம் போகக் கூடாது என்று மாமியார் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நானோ உயிரியல் டீச்சர். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளைக் கூட்டி, கறுப்புக் கண்ணாடி கொடுத்துக் கிரகணம் காட்டுவதாக ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். போனேன், காட்டினேன். திரும்பி வந்ததும் வீம்புக்கு அரிவாள்மணையை எடுத்துப் போட்டு வெண்டைக்காய் நறுக்கினேன். சூரியன் இன்னும் முழுசாக விடுபட்டிருக்கவில்லை.

"வவுத்துல புள்ளய வச்சிக்கினு இன்னாம்மா வீம்பு உனுக்கு?" என்று மாமியார் கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுங்க அத்த. நான் இதத்தானே பாடம் எடுக்கறேன்" என்றேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண். நர்ஸ் முகத்தைத் துணியால் மூடியபடியே என்னிடம் நீட்டினார், நான்தான் விலக்கிப் பார்த்தேன். காது இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் பயறு அளவு சதை முடிச்சு மட்டும் இருந்தது. துளை இல்லை. கன்னத்து எலும்பு இல்லாததால் கண்களின் வெளி ஓரம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. தாடை சின்னது, அதில் நாக்குக்கு இடம் போதாமல் பின்னால் சரிந்து, மல்லாக்கப் படுக்கவைத்தால் மூச்சு அடைத்தது. எனக்கு முதலில் வந்தது பயம்தான், பாசம் இல்லை. பாசம் வர இரண்டு மூன்று நாள் ஆனது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெற்றவர்களுக்குத் தெரியும்.

மாமியார் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கிரகணம் கடிச்சிடுச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு சோப்பு டப்பாவும் கவுனும் எடுத்துக்கொண்டு குழந்தை பார்க்க வந்த உறவு ஜனம் முழுக்க, குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெண்டைக்காய்க் கதையை அரை மணி நேரம் கேட்டுவிட்டுப் போனது.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா நான் டீச்சர் என்று தெரிந்ததும் ஒரு தாளை எடுத்து ஒரு வட்டம் வரைந்தார், அதற்குள் இன்னொரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. "இது என்னன்னு தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன்.

அவர் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்து எனக்குப் புரிந்தது இது. ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் சமைக்கிற அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுப்புகளைச் செய்கிற பட்டறை நியூக்ளியோலஸ். பட்டறைக்குள் நூற்றுக்கணக்கான புரதங்கள் வேலை பார்க்கின்றன. ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ.வை மரபணுவிலிருந்து படியெடுக்கத் தொடங்கி வைப்பது ஒன்று, படியெடுத்ததை அளவாக வெட்டுவது ஒன்று, மடித்துக் கோத்துச் சேர்ப்பது ஒன்று. என் மகளுக்குக் குறைந்துபோனது, அந்தப் படியெடுப்பை முடுக்கிவிடுகிற ஒரு புரதம். அடியோடு இல்லாமல் போகவில்லை, ஏறக்குறைய பாதி இருந்தது. நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்குப் பாதி அடுப்பு போதும். கல்லீரலுக்குப் போதும், கைகாலுக்குப் போதும், மூளைக்கும் போதும். கல்யாணச் சமையலுக்குத்தான் போதாது. கருவில் முகம் உண்டாகும் நாட்கள் கல்யாண நாட்கள். தலையின் பின்பக்கத்து விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் கிளம்பி, பெருகிக்கொண்டே முன்பக்கம் வந்து சேர்ந்து, தாடையாகவும் கன்னத்து எலும்பாகவும் காதாகவும் ஆகவேண்டும். அந்த வேகத்தில் பெருக ஏகப்பட்ட ரைபோசோம் வேண்டும். கிடைக்காத செல்கள் கிளம்புவதற்கு முன்பே செத்துப்போகின்றன. வந்து சேர்ந்த கொஞ்சப் பேரை வைத்துத்தான் என் மகளின் முகம் கட்டப்பட்டிருந்தது.

இதெல்லாம் நடக்கிற காலம் இரண்டாம் மாதம். கிரகணம் வந்தபோது எனக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதை மாமியாரிடம் சொன்னேன். கோர்ட்டில் ஜெயித்து வந்தவள் மாதிரி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "செரி, அந்தச் சத்து எம் பேத்திக்கு ஏன் கம்மியாச்சி? அதச் சொல்லு" என்றார்.

சில குழந்தைகளுக்குத் தானாகவே அப்படி ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதை நானும் சொன்னேன். "தானா ஆவறதுக்குத்தாம்மா கிரகணம்னு பேரு" என்றார் மாமியார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என்னைக் குறை சொன்ன அதே வாய்தான் அந்தக் குழந்தையைக் கொஞ்சியது. குப்புறப் படுத்தால்தான் அவளுக்கு மூச்சு விட வரும். மாமியார் தன் முன்கையில் அவளைக் குப்புறப் போட்டுக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடப்பார். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டுவார். ஒரு தரம் பால் புரையேறிக் குழந்தை நீலம் பாரித்தபோது, நான் கத்திக்கொண்டு நின்றேன். அவர்தான் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி மூச்சைத் திருப்பினார். அந்த முதல் வருஷம் முழுக்க ஒவ்வொரு மூச்சையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

காது கேட்க, நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை கொடுத்தார்கள். அதிலிருக்கும் கருவி சத்தத்தை எலும்பு வழியாக உள்ளே அனுப்பும். உள்காது அவளுக்கு நன்றாகவே இருந்தது. முதல் தடவை மாட்டிவிட்ட அன்று எங்கள் வீட்டு ஆடு கத்தியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பி, பிறகு சிரிசிரி என்று சிரித்தாள். என் கணவர் எழுந்து வயலுக்குப் போய்விட்டார். அழத்தான் போனார், எனக்குத் தெரியும்.

காதுகுத்து வந்தது. வைக்காமல் இருக்கலாம் என்றேன் நான். மாமியார் கேட்கவில்லை. என் அண்ணன் தாய்மாமன் சீரோடு வந்து அவளை மடியில் உட்காரவைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே என்பது போல் அண்ணனைப் பார்த்தார். "மூக்குல குத்துங்க, எங்க வூட்டுல அப்பிடித்தான்" என்று மாமியார் சத்தமாகச் சொன்னார். அப்படி ஒரு வழக்கம் அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இப்படியே அவள் வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்கு வந்தாள். வாய் ஓயாது. மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும், பழகிவிட்டால் எல்லாம் புரியும். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல் கணக்கெடுத்தாள். "ஆயாக்குக் காது கீது. அப்பாக்குக் கீது. உனுக்குக் கீது. ஆட்டுக்குட்டிக்குக்கூட கீது. எனுக்கு மட்டும்தான் இல்ல." அழவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "எனுக்கு ஒரு தம்பி பாப்பா வேணும்" என்றாள்.

ஆசை எனக்கும் இருந்தது. மாமியாருக்கு இருந்தது, கணவருக்கும் இருந்தது. அடுத்த குழந்தைக்கு முன்னால் பெற்றோர் இருவருக்கும் மரபணுச் சோதனை செய்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு சொல்லக் கூப்பிட்டபோது அவர் என் கணவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார். அது என்னிடமிருந்து போனது. எனக்கும் அந்தப் புரதம் பாதிதான். ஒரே மரபணுக் குறை ஒருவருக்குக் காதைத் தின்னும், இன்னொருவருக்குச் சும்மா தொட்டுவிட்டுப் போகும். என்னைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. எங்கே தொட்டது என்று கேட்டேன். "கண்ணு" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமியார் என் முகவாயைத் தூக்கிப் பார்த்து, "ஓரம் எறங்கி இன்னா அழகான கண்ணு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர். கணவர் அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் சரி சொன்னதாகக் கல்யாணமான புதிதில் சொல்வார். என் அம்மாவுக்கும் இதே கண்தான், எங்கள் ஊரில் அதை வைத்தே அம்மாவை அடையாளம் சொல்வார்கள். நாங்கள் எல்லாரும் அழகு என்று கொண்டாடிக்கொண்டிருந்தது, வந்து சேராத எலும்பின் காலி இடத்தை.

கிரகணமாகவே இருந்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். கிரகணம் வரும், விடும். இது விடாது. நான் பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமியாரிடம் மறைக்கவில்லை, சொன்னேன். ஒரு வார்த்தை சுடுசொல் வரும் என்று காத்திருந்தேன். அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கி நான்தானே உன்னப் பொண்ணு எடுத்தேன்" என்றார். அதோடு கிரகணப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. நான் ஜெயித்துவிட்டேன், இப்படி ஒரு ஜெயிப்பு எதிரிக்கும் வரக் கூடாது.

பாதி வாய்ப்பு கெட்டது என்றால் பாதி நல்லதும்தானே என்று கணவர் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி கர்ப்பமானேன். நாலாம் மாதம் வந்ததும் புதுச்சேரியில் வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்தார்கள். முடிவு வரச் சில வாரம் ஆகும், குறை இருந்தால் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு, ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது என்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

அந்தக் காத்திருப்பு நாட்களில்தான் மாமியார் எங்களைக் கல்வராயன் மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொள்ளக் கூட்டிப்போனார். ஆடி மாதம். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏறியது. சாமை முளைத்த சரிவுகள் மழையில் பச்சையாக இருந்தன. மகள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, பட்டையில் காற்று மோதி உய்யென்று கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கு மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் போன் மணி அடிப்பது போலவே இருந்தது.

கோயிலுக்குப் போகிற வழியில் ஓர் அம்மா தரையில் சாக்கு விரித்துத் தகடுகள் விற்றுக்கொண்டிருந்தார். வேண்டுதலுக்குப் போடுகிற தகடு. கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால், பிள்ளை வேண்டும் என்றால் பிள்ளை உரு. வெள்ளைத் தகட்டில் வெட்டியவை. மாமியார் குனிந்து ஒரு ஜோடிக் காதை எடுத்தார். கணவர் ஒரு பிள்ளை உருவை எடுத்து, காது இரண்டும் சரியாக வெட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகள் சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கிளறினாள். "காது இல்லாத பாப்பா இல்லையா?" என்று கேட்டாள்.

விற்கிற அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எல்லாப் பாப்பாவுக்கும் காது உண்டும்மா" என்றார்.

"எனுக்குக் காது இல்லாத பாப்பாதான் வேணும். என்னாட்டம்."

அந்த அம்மா அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பட்டையைப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார். எங்களில் யாரையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தகடு வெட்டுகிற கத்திரியை எடுத்து, ஒரு பிள்ளை உருவின் காதுகளை இரண்டு பக்கமும் நறுக்கி, முனை குத்தாமல் இருக்க ஒரு கல்லில் தேய்த்து, "இந்தா" என்று கொடுத்தார்.

மாமியார், "வாணாம், வாணாம், சாமிகிட்ட அத வைக்காத" என்று கை நீட்டினார். மகள் அதற்குள் எங்களை முந்திக்கொண்டு ஓடிவிட்டாள். தட்டில் மாமியாரின் காதுகளுக்கும் கணவரின் பிள்ளைக்கும் பக்கத்தில் அதையும் வைத்தாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டாள். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன வேண்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு காதுள்ள பிள்ளையைக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். இந்தக் குழந்தைக்கும் இருக்கிறது என்றார். எந்த அளவுக்கு என்று கேட்டேன். என்னைப் போல் லேசாகத் தொட்டுவிட்டுப் போகுமா, மகளைப் போலவா, அதற்கும் மேலா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

கணவர், "நீ சொல்றதுதான்" என்றார். மாமியார்தான் எதிர்த்தார். "பொறக்கட்டும்மா. இத வளத்தாப்போல அதையும் வளத்துட மாட்டனா?" என்று என் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினார். இப்போதெல்லாம் தண்ணீர்க் குடத்தைத் தூக்கவே அவருக்கு முடிவதில்லை. அந்த முன்கை இனி ஒரு குழந்தையைத் தாங்காது என்று எனக்குத் தெரியும். மகளுக்கே இன்னும் தாடைக்கு அறுவை சிகிச்சை வரிசையாக இருக்கிறது. அந்த முதல் வருஷத்தின் ஒவ்வொரு மூச்சும் நினைவுக்கு வந்தது. இன்னொரு தடவை என்னால் முடியாது என்று சொன்னேன். என் முடிவு அது. சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கிறவர்களிடம் வாதாடவும் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில் கலைத்துக்கொண்டு வந்தேன். பால் சுரந்தது, மாமியார் என் மார்பில் துணி கட்டிவிட்டார்.

மகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. வந்த மறுநாள் மத்தியானம் அவள் பள்ளிக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, வயிற்றில் நெற்றிப் பட்டையை வைத்து அழுத்திக் கேட்டாள். பாப்பாவின் சத்தத்தைக் கேட்க அப்படித்தான் தினமும் செய்வாள்.

"பாப்பா பேசவே மாட்டேங்குதும்மா."

"பாப்பா இல்லடா கண்ணு. வரல."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "சாமிக்குக் காது இல்லாத பாப்பா செய்யத் தெரியலியா?" என்று கேட்டாள்.

மலைக்குப் போய் ஆளாளுக்கு ஒன்று வேண்டியதில், பலித்தது அவள் வேண்டியது மட்டும்தான். அதை நான் எந்த வயதில் அவளிடம் சொல்லுவேன். "தெரியல போலடா" என்றேன்.

அவள் என் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஆயா தன்னைத் தட்டிக்கொடுப்பது போலவே தட்டினாள்.

"அழாதம்மா. அடுத்த வாட்டி நான் காது இருக்கற பாப்பாவே கேட்டுக்கறேன்."